மேஸ்திரி மறுத்த கோட்டு

யோர்கோவனுக்கு வாங்கி வைத்த கோட்டில் பூனை மூத்திரம் பெய்துவிட்டது என்று கலினா வந்து சொன்னபோது, நான் முட்டைக்கோஸ் இலைகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவள் புருஷனுக்கு நாற்பதாம் நாள் படையல். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கிறது, ரொட்டி மாவு பொங்கி நிற்கிறது, இவள் என்னடாவென்றால் கறுப்புக் கோட்டைச் செத்த கோழியைப் பிடிப்பதுபோல விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"ஸ்தானாக்கா, மோந்து பாரு."

"மோந்து வேற பாக்கணுமாக்கும். வாசல்லயே தூக்குது."

"கால்சட்டையிலயும் பேஞ்சிருக்கு. சட்டையும் போச்சு. கட்டில்ல விரிச்சு வச்சிட்டு மெழுகுவத்தி எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள."

எங்கள் ஊரில் படையலுக்குச் சமைப்பவள் நான். யார் செத்தாலும் என் கை ரொட்டிதான் அந்தப் பக்கம் போகும். அதனால் சாவுச் சடங்கில் எந்தச் சந்தேகம் வந்தாலும், ஏதோ நான் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் மாதிரி என்னிடம்தான் கேட்பார்கள். நானும் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் செத்தவனை அம்மணமாக அனுப்பிவைக்க மாட்டோம். ஒவ்வொரு பெரிய படையலுக்கும் பனியனிலிருந்து தொப்பிவரை புதுத்துணி எடுத்து, அவன் வயசுக்கும் உடல்வாகுக்கும் ஒத்த ஒரு ஆளுக்கு உடுத்திவிடுவோம். அவன் பந்தியின் தலைமாட்டில் உட்காருவான். அன்றைக்கு அவன்தான் செத்தவன். அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவன் தின்பது அங்கே வயிற்றுக்குப் போகும், அவன் உடுத்துவது அங்கே உடம்புக்குப் போகும். துணி போய்ச் சேராதவன் குளிரில் நின்றுகொண்டிருப்பான், நிற்கிறவன் சும்மா நிற்க மாட்டான், வீட்டைத் தேடி வருவான். யோர்கோவனாக உட்கார ரதிஷாவைச் சொல்லி வைத்திருந்தோம். இப்படிப்பட்ட துணியில் மூத்திரம் என்றால் அது சின்ன விஷயமா?

"வினிகர் ஊத்தி அலசு. அடுப்புப் பக்கத்துல காயப்போடு. ஈரமா இருந்தாலும் பரவாயில்ல, ரதிஷா போட்டுக்குவான்," என்றேன்.

"சேருமாக்கா?"

"சேரும் சேரும்," என்றேன் சத்தமாக.

யோர்கோவன் வியன்னாவில் சுவர் பூசினவன். கல்யாணமான மறுவருஷம் போனான். அவன் அனுப்பியதில்தான் கலினா மூன்று மாடி வீடு கட்டினாள். வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கம். வீடு முழுக்க அறை, புழங்குவது அடுப்படி ஒன்றில் மட்டும். ஒரே மகள் பிரான்சில் வாக்கப்பட்டுவிட்டாள். அவன் ஆகஸ்டில் வருவான், ஈஸ்டருக்கு வருவான். கடைசியாகச் சில வருஷம் அதுவும் இல்லை. வேலை, வேலை என்றான். போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்று இவள் கூப்பிட்டால், அவன் பூனையைத்தான் காட்டுவான். வேலை நடந்த இடத்தில் கிடைத்த கடுவன் குட்டி அது. எல்லாரும் வேலை செய்ய இது உட்கார்ந்து பார்த்ததாம், அதனால் மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தான். "மேஸ்திரியப் பாரு, எப்படிக் கொழுத்துட்டான் பாரு" என்று அவன் குரல் பேசும், போன் நிறையப் பூனை முகம் இருக்கும். கலினாவுக்கு அந்தப் பூனையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மார்ச் மாசக் கடைசியில் அவன் தகரம் அடித்துப் பூட்டிய பெட்டியில் வந்தான். அந்தத் தேசத்துச் சட்டம் அப்படி, திறக்கக் கூடாது. கூட வந்தவன் மிலுத்தின், மேலத்தெருக்காரன், அங்கே இவனோடு ஒரே அறையில் இருந்தவன். மிலுத்தின் ஒரு கூடையையும் இறக்கினான். கூடையைத் திறந்ததும் மேஸ்திரி துள்ளி வெளியே வந்து, நேராகப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கூடத்தில் இருந்த பெண்டுகள் எல்லாரும் வீரிட்டார்கள். பிணத்தைப் பூனை தாண்டினால் பிணம் எழுந்து நடக்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பிறகு, தகரத்துக்கு மேலே தாண்டினால் கணக்கு உண்டா இல்லையா என்று ஒரு சண்டை. தாண்டவில்லை, உட்காரத்தான் செய்தது என்று இன்னொரு சண்டை. என்னைக் கேட்டார்கள். தகரம் போட்டதே அதற்குத்தான் என்றேன்.

மிலுத்தின் வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டையும் மண் பொட்டலத்தையும் எடுத்து வைத்தான். பூனை வெளிக்குப் போக.

"ஊரே மண்ணாக் கிடக்கு. இதுக்கு வியன்னாவுலருந்து மண்ணா?" என்றான் ரதிஷா.

"அதுக்குப் புல்லு தெரியாதுண்ணே. மாடிவீட்டுலயே வளந்தது. காலு வைக்கப் பயப்படும்."

உண்மைதான். வாசல்படியில் வந்து நிற்கும், புல்லில் ஒரு பாதத்தை வைக்கும், சூடு பட்டதுபோல எடுத்துக்கொள்ளும், உள்ளே போய்விடும். தட்டில் சமர்த்தாக இருந்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வரும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. அந்தக் கோட்டு வரும்வரை.

நாற்பதாம் நாள் படையலில் ரதிஷா ஈரக் கோட்டோடு உட்கார்ந்தான். ரதிஷாவும் யோர்கோவனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், பட்டாளத்துக்கு ஒன்றாகப் போனவர்கள். இளவட்டத்தில் ஒருத்தன் கால்சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்குப் போவான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் யோர்கோவன் அளவு என்றால் ரதிஷா அளவு என்று யாரும் யோசிக்காமலே முடிவு செய்திருந்தோம். ரதிஷா பிளம் சாராயம் காய்ச்சுகிறவன், நல்ல தாட்டியான ஆள். வயிறு முட்டத் தின்கிறவன் அன்று இரண்டு வாய்க்குமேல் தின்னவில்லை. பூனை மேசைக்கடியில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

துணி உடுத்தியவனுக்கே சொந்தம் என்பது முறை. ரதிஷா வீட்டுக்குப் போகுமுன் என் கொட்டகையில் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டான்.

"எனக்கு வேணாம் ஸ்தானாக்கா. நாள்பூரா யாரோ உள்ளருந்து இழுத்த மாதிரி இருந்துச்சு."

"ஈரம்டா."

"ஈரம்தான்," என்றான். ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை.

கோடை முழுக்கக் கலினா ராஸ்பெர்ரி பறிக்கப் போனாள், வைக்கோல் கட்டினாள், ஊறுகாய் போட்டாள். வேலையில் குறை வைக்கிறவள் இல்லை. ஆனால் ஆள் வற்றிக்கொண்டே வந்தாள். ஒருநாள் பிளம் பொறுக்கும்போது, கூடையை வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கனவுல வர்றான்க்கா."

"வரட்டும். புருஷன்தான்."

"வந்து கிணத்தடியில நிக்கிறான். ரெண்டு கையும் இடுப்புலயே இருக்கு, துணியப் பிடிச்சிக்கிட்டு. நான் ரொட்டிய நீட்டுறேன். வாங்கக் கை இல்ல அவனுக்கு. கைய எடுத்தா அவுந்துரும்போல. அப்படியே நிக்கிறான். முகத்தக் காட்ட மாட்டேங்குறான்."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது, குளவிகள் பிளத்தை மொய்த்துக்கொண்டிருந்தன.  நான் சத்தமாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"அந்தத் துணி சேரலக்கா. அது வேற ஒண்ணுமில்ல," என்றாள். "அர வருஷப் படையல்லயாவது ஒழுங்காச் சேரணும். இல்லன்னா அவன் குளிர்காலம் பூரா அப்படியே நிப்பான்."

இரண்டாவது கோட்டை அவள் டவுனில் நல்ல கடையில் எடுத்தாள். ரதிஷாவை உடன் கூட்டிப்போய், தோளுக்கும் இடுப்புக்கும் வைத்துப் பார்த்து எடுத்தாள். அன்றைக்கே பூனையையும் கூடையில் போட்டு, மாட்டு டாக்டரிடம் காட்டினாள். நானும் போயிருந்தேன். டாக்டர் சின்னப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், மூத்திரத்தைக் குழாயில் எடுத்துப் பார்த்தாள். கல் இல்லை, சீக்கு இல்லை. தட்டு எங்கே வைத்திருக்கிறீர்கள், சோறு வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலா, மண்ணை மாற்றினீர்களா, இன்னொரு தட்டு வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"தட்டுலதான் போகுது டாக்டரம்மா," என்றாள் கலினா. "தெனம் தட்டுலதான். அந்தக் கோட்டுக்கு மட்டும்தான் இப்படி."

"கோட்டுல யார் வாடையாவது இருக்கோ என்னவோ."

"புதுசு. யாரும் போடல."

"அப்ப அதுக்கு அது அந்நியம். தெரிஞ்ச ஆளோட வாடை இல்லாத துணி. தன்னோட வாடையப் போட்டு மூடுது. அடிக்காதீங்க. அதோட ஆளோட பொருள் எதையாவது கூட வச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் கலினா இன்னொரு தட்டு வைத்தாள். தரையை எல்லாம் வினிகரும் சோடா உப்பும் போட்டுக் கழுவினாள். யோர்கோவன் வேலைக்குப் போட்ட கம்பளித் தொப்பி, சுண்ணாம்புப் பொட்டு படிந்தது, பூனைக் கூடையில் கிடந்தது. அதைக் கோட்டின் மார்பில் வைத்து, மடித்து, மூன்றாம் மாடியில் பூசாத அறையில் இருந்த அலமாரிக்குள் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் கூப்பிட்டாள். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினேன். பூனை படிக்கட்டில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அலமாரி பூட்டியபடி இருந்தது. கலினா என் கண் முன்னால் திறந்தாள். கோட்டு நனைந்திருந்தது, கால்சட்டை நனைந்திருந்தது. நடுவில் இருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. தொப்பியைச் சுற்றி, கோடு போட்டாற்போல ஈரம் நின்றிருந்தது. அலமாரியின் பின்பலகை பெயர்ந்திருந்ததாகப் பிறகு தேசா சொன்னாள். நான் பார்த்தபோது பெயர்ந்திருக்கவில்லை.

தேசா யோர்கோவனின் தங்கை. கீழூரில் வாக்கப்பட்டவள். அண்ணன் உயிரோடு இருந்தபோது வருஷத்துக்கு ஒருதரம் வருவாள், அவன் செத்தபிறகு வாரம் ஒருதரம் வந்தாள். வரும்போதெல்லாம் ஒரே பேச்சு.

"சாக்குல கட்டி ஆத்துல போடு மதினி. பெட்டி மேல ஏறுனப்பவே செஞ்சிருக்கணும். இது பூனையே இல்ல."

"அப்புறம் என்னவாம்?"

"நான் என்னத்தக் கண்டேன். உன்மேல அவனுக்கு ஏதோ மனசு ஆறல. அதான் நீ குடுக்கறத வாங்க மாட்டேங்குறான். பூன என்ன செய்யும், சொன்னத செய்யுது."

 கலினா வாளியில் கோட்டை முக்கி முக்கித் துவைத்தாள். அவள் கையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, தேசாவின் வாயில் ஒரு அகப்பை களியைத் திணிக்கலாமா என்று இருந்தது.

படையல் நெருங்கியது. துவைத்த கோட்டை என் வீட்டில் வைக்கச் சொன்னேன். நடுவில் ஒரு தெரு இருக்கிறது, தெருவின் இருபக்கமும் முழங்கால் உயரப் புல். புல்லைத் தொடாத பூனை அதைத் தாண்டி வராது. இறைச்சி புகைபோடுகிற கொட்டகையில் உத்தரத்தில் தொங்கவிட்டேன். அங்கே புகை வாடைக்குமுன் எந்த வாடையும் நிற்காது.

அன்று பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. ரதிஷாவின் அடுப்பிலிருந்து சாராயப் புகை கீழேயே தவழ்ந்துகொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் படியில் மேஸ்திரி தெரிந்தது. புல்லில் இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதோ திரும்பிவிடும் என்று பார்த்தேன். திரும்பவில்லை.

அது தனியாக நடக்கவில்லை. எப்படிச் சொல்ல? நாம் நடக்கும்போது வளர்த்த பூனை காலைச் சுற்றிச் சுற்றி, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே புகுந்து, உரசிக்கொண்டு வருமே, அப்படி வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தில் உரசி உரசி வந்தது. நடுவில் யாரும் இல்லை. மெதுவாக, சீக்காளி நடக்கிற வேகத்தில் வந்தது. தெரு நடுவில் நின்றது, மூச்சு வாங்க நிற்கிறவனுக்காகக் காத்திருப்பதுபோல மேலே பார்த்தது. பிறகு நடந்தது. என்னைக் கடந்து போனபோது என்னைப் பார்க்கவே இல்லை. கொட்டகைக்குள் போனது.

 சுத்தியலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் புகையையும் மீறி அந்த நாற்றம் வந்தது.

அன்று சாயங்காலம் கலினாவின் அடுப்படியில் கூடினோம். தேசா சாக்கு கொண்டுவந்திருந்தாள். ரதிஷா ஒரு ஓரமாக நின்று, இந்தத் தடவை தான் உட்கார மாட்டேன் என்றான். அடித்தாலும் மாட்டேன் என்றான். கோட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது. பூனை அடுப்புக்கடியில் கண்ணை மூடிக் கிடந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. தேசா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கேட்டியா மதினி? அவனே வந்திருக்கான். கூட்டிக்கிட்டு வந்து மூத்திரம் பேய வச்சிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

கலினா சாக்கைக் கையில் வாங்கினாள். குனிந்தாள். அந்த நேரத்தில்தான் மிலுத்தின் கதவைத் திறந்துகொண்டு வந்தான். நாற்பதாம் நாளுக்கு லீவு கிடைக்காதவன், இந்தப் படையலுக்காக வியன்னாவிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். தொப்பியைக் கழற்றினான், எல்லாருக்கும் கை கொடுத்தான், மேசையைப் பார்த்தான்.

"இது யாருக்குக்கா?"

"யாருக்கு? உன் கூட்டாளிக்குத்தான்," என்றாள் தேசா.

மிலுத்தின் கோட்டைத் தூக்கி, தோள் பக்கம் பிடித்துப் பார்த்தான். முகம் கோணியது. சிரிக்கிறானோ என்று நினைத்தேன்.

"இதுல ரெண்டு யோர்கோவன் போவான்க்கா."

யாருக்கும் புரியவில்லை.

"ரதிஷா அளவுக்கு எடுத்தது," என்றாள் கலினா. "அவங்க ரெண்டு பேரும் ஒரே அளவு."

"எப்ப? பட்டாளத்துலயா?" மிலுத்தின் உட்கார்ந்துவிட்டான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். போன்ல சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"என்னத்த?"

"ரெண்டு வருஷமாச் சாப்பாடு தங்கலக்கா அவனுக்கு. வயித்துல. டாக்டர் கத்தி வைக்கணும்னான், இவன் வேல போயிரும்னு நாளத் தள்ளுனான். கடேசியில கால்சட்ட நிக்காம மின்சார ஒயரக் கட்டிக்கிட்டு வேலைக்கி வந்தான். அப்பவும் இடுப்ப ஒரு கையால பிடிச்சிக்கிட்டேதான் நடப்பான். கெடையில விழுந்தப்புறம் நான் ஒரு கையில தூக்கிட்டுப் போயி குளிப்பாட்டுவேன். இந்தப் பூன அளவுதான் கனம் இருப்பான். இதுவும் பின்னாலயே வரும், தொட்டி ஓரத்துல உக்காந்திருக்கும்."

கலினா சாக்கைப் பிடித்தபடி நின்றாள். 

"கொரலு அப்படியேதான இருந்துச்சு," என்றாள்.

"கொரலு இருந்துச்சு. அதத்தான் வச்சுப் பேசுனான்."

"மேஸ்திரியக் காட்டுவான்."

"ஆமா."

"எப்பவும் மேஸ்திரியத்தான் காட்டுவான்," என்றாள் மறுபடியும். சாக்கு கையிலிருந்து நழுவியது. பூட்டிய பெட்டியைத்தான் நாங்கள் எல்லாரும் புதைத்தோம். உள்ளே இருந்த ஆளை எங்களில் யாரும் பார்க்கவில்லை. யாரோ ஒரு தடியனுக்கு வாங்கிய துணியை அவன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறோம், அவனை அறிந்த ஒரே ஜீவன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நான் படையல் வீட்டில் அழுகிறவள் இல்லை, அழுதால் உப்புக் கணக்குத் தப்பிவிடும்.

மறுநாள் மிலுத்தினும் கலினாவும் டவுனுக்குப் போனார்கள். படையல் அதற்கடுத்த நாள். போகுமுன் ரதிஷா ஒரு கேள்வி கேட்டான்.

"சரி, அந்த அளவுக்கு எடுத்துட்டு வர்றீங்க. போடறது யாரு?"

ஊரில் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் வியன்னாவில். மிச்சம் இருப்பவர்கள் பன்றிக்கறியும் சாராயமும் ஏறிய உடம்பு. கல்யாணமாகாத பையன்களை உட்கார்த்தக் கூடாது, குடும்பம் நடத்தினவன் இடத்தில் குடும்பம் நடத்தினவன்தான் உட்கார வேண்டும். கலினா வேனில் ஏறினாள்.

பொழுது சாயும்போது வேன் திரும்பி வந்தது. கதவு திறந்து, கறுப்புக் கோட்டும் கால்சட்டையும் தொப்பியும் போட்ட ஒல்லியான ஆள் இறங்கினான். கையில் இருந்த ரொட்டித்தட்டை நான் கீழே போட்டுவிட்டேன். பக்கத்தில் வந்ததும்தான் கலினா என்று தெரிந்தது. பள்ளிக்கூடம் முடிக்கிற பையன்களுக்கு விற்கிற துணியாம். மிலுத்தின் கைவிரலை வளைத்துக் காட்டிய இடுப்பு அளவுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லையாம்.

"கடையில போட்டுப் பாத்தேன். எனக்குச் சரியா இருந்துச்சு," என்றாள். "இனிமே கழட்ட மாட்டேன். கழட்டி வச்சாத்தான நனையும்."

தேசா குதித்தாள். "பொம்பள உக்காருறதா? அதுவும் பொண்டாட்டியே? ஊரு சிரிக்கும் மதினி! ஸ்தானாக்கா, நீ சொல்லு, எங்கயாவது நடந்திருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நடந்து நான் பாக்கல," என்றேன். "கூடாதுன்னும் யாரும் எங்கிட்ட சொல்லல." இந்தத் தடவை சத்தமாகச் சொல்லவில்லை.

படையலன்று பனி ஜன்னலை முட்டிக்கொண்டு நின்றது. நீள மேசையில் அவித்த கோதுமையும் அக்ரூட்டும், முட்டைக்கோஸில் சுற்றிய கறியும், பீன்ஸும், மீனும், என் ரொட்டிகளும் பரப்பியிருந்தேன். ஆவி எழுந்துகொண்டிருந்தது. சிரிக்க வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். கலினா தலைமாட்டில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். தோள் குறுகி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து மிலுத்தின் தலை குனிந்துகொண்டான். பூனை அடுப்புக்கடியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மெழுகுவத்தியை ஏற்றினேன். சாம்பிராணி காட்டினேன். அதன்பிறகுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. முதல் ரொட்டியைக் கொடுக்க வேண்டியவள் பொண்டாட்டி. அவள் கொடுத்து, அவன் வாங்கி, சேர்ந்தது என்று சொன்னபிறகுதான் மற்றவர்கள் தொடலாம். பொண்டாட்டியின் நாற்காலி காலியாக இருந்தது. பொண்டாட்டி மேசையின் தலைமாட்டில் புருஷனாக உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு யோசித்த நாங்கள் ஒருவரும் இதை யோசிக்கவில்லை.

"நான் குடுக்கறேன்," என்று தேசா எழுந்தாள். "கூடப் பொறந்தவதான."

"உக்காரு," என்றேன். கொடுக்க வேறு ஆள் கிடையாது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கலினா எல்லாரையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு இடதுகையை நீட்டி ரொட்டியை எடுத்தாள். அதன்மேல் சின்ன மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மேசைக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். வலது உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"யோர்கோவா, இது உனக்கு," என்றாள்.

 சுடர் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. 

"சேந்துச்சு."

அவள் வாய்தான் சொன்னது. நான் எதிரே நின்று பார்த்தேன், அவள் உதடு அசைந்தது. ஆனால் கரகரத்த, அடங்கிய குரல். மிலுத்தின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். அடுப்புக்கடியில் இருந்து மேஸ்திரி ஓடி வந்தது. இந்த ஊரில் அது யாரைத் தேடியும் ஓடியதில்லை. மேசைக்கடியில் எங்கள் கால்களுக்கு நடுவே பாய்ந்து, கலினாவின் மடியில் ஏறியது. கோட்டின் ஓரத்தை மோந்தது. தேசா கண்ணை மூடிக்கொண்டாள். பூனை கோட்டுக்குள் தலையை நுழைத்து, அக்குளுக்குள் முகத்தைப் புதைத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. குர்ரென்ற சத்தம் மேசை முழுக்கக் கேட்டது. கோட்டு காய்ந்தபடியே இருந்தது.

"இப்படித்தான்," என்றான் மிலுத்தின், யாரிடம் என்றில்லாமல். "கட்டில்ல இப்படித்தான் படுக்கும்."

கலினா குனிந்து கோட்டைப் பார்த்தாள். ஒடுங்கிய மார்பையும், பையன்களுக்குத் தைத்த சின்னக் கைகளையும், தன் இடுப்பைச் சரியாகச் சுற்றி நின்ற கால்சட்டைப் பட்டையையும் பார்த்தாள். அப்புறம் பேசினாள். இது அவள் சொந்தக் குரல்.

"இவ்வளவு எளைச்சுப் போயிருக்கியே, எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

ரொட்டி அவள் கையிலேயே இருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். சமைத்ததெல்லாம் ஆறிக்கொண்டிருந்தது.